சீவலைக் கண்டு முழுமையைச் சொல்லுதல்: நுண்வெட்டு அளவீடும் தமிழாய்வின் துண்டுச் சான்றுகளும்

தமிழாய்வாளர் கைக்கு வந்து சேரும் சான்றுகளுள் பெரும்பாலானவை துண்டுகளே. உரையாசிரியர் மேற்கோளில் ஒரு பாடல், தொகைநூலில் சில பாடல்கள், இடித்துக் கட்டிய கோயிற்சுவரில் தலைகீழாக அமைந்த ஒரு கல், அகழாய்வுக் குழியில் ஓர் ஓடு என்றே அவை கிடைக்கின்றன. இவற்றின் அளவையும் எண்ணிக்கையையும் கொண்டு, இழந்த முழுமையின் அளவை நாம் இடைவிடாது மதிப்பிட்டு வருகிறோம். ஆயின் அம்மதிப்பீட்டுக்கென்று ஆராய்ந்து வகுத்த முறை நம்மிடம் இல்லை. துண்டு என்பது முழுமையின் சிறிய படி என்னும் எண்ணமே முறையின் இடத்தில் அமர்ந்துள்ளது.

இவ்வெண்ணம் பிழையானது என்பதை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே கணித வழியில் நிறுவிய துறை ஒன்று உண்டு. உடல் திசு, பாறை, உலோகம், மரம் ஆகியவற்றின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அவற்றுள் பொதிந்த நுண்பொருள்களின் உண்மையான அளவையும் எண்ணிக்கையையும் மதிப்பிடும் துறை அது. 1961இல் அதற்கு ஸ்டீரியாலஜி என்று பெயரிட்டனர். தமிழில் வெட்டுமுக அளவையியல் எனலாம். இதன் அடிப்படைகளைத் தமிழாய்வு, குறிப்பாகப் பாடத்திறனாய்வும் கல்வெட்டியலும் தொல்லியலும், கற்றாக வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காட்டுமன்னார்கோயில் வட்டாரம் தரும் சான்றுகளே போதுமானவை.

பாக்கும் சீவலும்

நோய்க்கூற்றியலார் திசுவை மெழுகில் பதித்து 4 அல்லது 5 மைக்ரான் கனத்தில் சீவுகின்றனர். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாறையையும் பானையோட்டையும் அவ்வாறு சீவ இயலாது. கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 30 மைக்ரான் கனம் வரும்வரை தேய்த்து மெலிதாக்குகின்றனர். எவ்வாறு செய்யினும் கண்ணுக்குப் புலப்படுவது பொருளன்று, பொருளின் வெட்டுமுகம். இவ்விரண்டையும் வேறுபடுத்துவதே இத்துறையின் முதற்பாடம். இதனை விளக்க வெற்றிலைத் தட்டு போதும்.

ஒரே அளவுள்ள உருண்டைப் பாக்குகளைச் சீவி ஒரு தட்டில் கொட்டினால், சீவல்கள் ஒரே அளவினவாய் இரா. நடுவில் விழுந்த வெட்டு பாக்கின் முழு விட்டத்தைக் காட்டும். ஓரத்தில் விழுந்தது சிறு வட்டமாய் நிற்கும். பாக்கைக் காணாது சீவலை மட்டும் கண்டவர், சிறிதும் பெரிதுமாகப் பலவகைப் பாக்குகள் இருந்தன என்றே முடிவு செய்வார். மேலும், எந்தச் சீவலும் பாக்கினும் பெரிதாக இருத்தல் இயலாது. ஏறக்குறைய எல்லாச் சீவலும் அதனிற் சிறியவையே. உருண்டையாயின், சீவல்களின் சராசரி விட்டம் பாக்கின் விட்டத்தில் சுமார் 0.785 பங்குதான். இது முதற் பிறழ்ச்சி.

இனி, 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாக்குகளும் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாக்குகளும் சம எண்ணிக்கையில் கலந்துள்ளன எனக் கொள்வோம். உண்மைச் சராசரி 18. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் பெரிய பாக்கு ஒவ்வொன்றும் 24 சீவல் தரும். சிறியது 12 தான் தரும். ஆகவே பாக்கின் எண்ணிக்கை சமமாயினும், குவியலில் மூன்றில் இரண்டு பங்கு பெரிய பாக்கின் சீவல்களே. கத்தி தற்செயலாக விழும்போது பெரிய பொருள் மிகுதியாக வெட்டுப்படுகிறது. இது இரண்டாம் பிறழ்ச்சி. இக்குவியலில் சீவல்களின் சராசரி விட்டம் 15.7 வரும். முதற் பிறழ்ச்சியை மட்டும் அறிந்த ஒருவர் இதனை 0.785ஆல் வகுத்துத் திருத்துவாராயின் 20 என்ற விடை கிடைக்கும். திருத்துமுன் குறைவு, திருத்தியபின் மிகுதி. ஒன்றையொன்று எதிர்க்கும் இரு பிறழ்ச்சிகளுள் ஒன்றை மட்டும் நீக்குவது அறியாமையிலும் சிறந்ததாக அமைந்துவிடுவதில்லை.

இச்சிக்கலை முழுமையாக வகுத்துரைத்தவர் சுவீடன் நாட்டுப் புள்ளியியலாளர் எஸ்.டி. விக்செல். மனித மண்ணீரலின் சீவல்களில் தென்படும் நுண்முடிச்சுகளின் உண்மை அளவென்ன என்ற வினாவை எடுத்துக்கொண்டு, 1925இல் பயோமெட்ரிக்கா இதழில் அவர் எழுதிய கட்டுரையே இத்துறையின் முதல் நூலெனத் தக்கது. உருண்டைகளுக்கு எளிய வழியொன்றை 1953இல் ஆர்.எல். ஃபுல்மன் காட்டினார். சீவல்களின் விட்டங்களுக்குக் கூட்டுச் சராசரி காணாது, இசைச் சராசரி காண வேண்டும், அதனை 1.571ஆல் பெருக்க வேண்டும். மேற்கண்ட குவியலில் இசைச் சராசரி 11.46, பெருக்கினால் பிசகின்றி 18 வருகிறது.

ஆனால் இங்கே ஒரு கண்ணி உள்ளது. அதுவே நமக்கு மிக இன்றியமையாதது. இசைச் சராசரியில் விட்டத்தின் தலைகீழி கணக்கில் சேர்வதால், மிகச் சிறிய சீவல்களே மிகுந்த எடை பெறுகின்றன. பாக்கின் நுனியிலிருந்து உதிர்ந்த தூள்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஆயின் அத்தூளே கத்தியில் ஒட்டிக்கொள்வது, ஊதினால் பறப்பது, நுண்ணோக்கியில் மங்கித் தெரியாமற் போவது. அதனை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் விடை மேல்நோக்கிப் பிறழும். இத்துறையினர் இதனை நுனியிழப்பு என்ற பொருளில் குறிப்பிடுகின்றனர். இதற்கு முற்றான மருந்து இன்றுவரை இல்லை.

கல்லான மரமும் சுட்ட மண்ணும்

சீவல் முறை முதன்முதலில் வளர்ந்தது கல்லாய்ச் சமைந்த மரத்தைக் கொண்டே என்பது பலர் அறியாத செய்தி. எடின்பரோவில் வில்லியம் நிகல் முதலியோர் மரக்கற்களைக் கண்ணாடியில் ஒட்டித் தேய்த்த முறையை ஹென்றி விதம் 1831இல் நூலாக்கினார். பொதுப் பாறைகளுக்கு அம்முறை பரவியது அதன் பின்னரே. நம் பகுதியில் அதற்குரிய களம் கடலூர் மணற்கல் அடுக்கு. திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் அவ்வடுக்கைச் சேர்ந்தவை. 1950களிலிருந்து சி.ஜி.கே. இராமானுஜமும், பின்னர் ஜி.கே.பி. நவாலே, என். அவஸ்தி ஆகியோரும் இவ்வடுக்கின் மரங்களைச் சீவல் வழி ஆராய்ந்து, அவற்றுள் குங்கிலிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தவை பல என்று காட்டினர். இன்று வறண்டு கிடக்கும் செம்மண் நிலத்தில் ஒருகாலத்தில் ஈரக்காடு நின்றதென்னும் முடிவு, ஒரு மயிரிழையினும் மெல்லிய தகட்டில் தெரிந்த குழல்களைக் கொண்டு எட்டப்பட்டது.

அவ்வாராய்ச்சியாளர் ஒரு மரத்திலிருந்து ஒரு சீவலோடு நின்றதில்லை. குறுக்குவெட்டு, ஆரைவெட்டு, தொடுவெட்டு என மூன்று திசைகளில் எடுத்தனர். காரணம், மரத்தின் நீர்க்குழல் பாக்குப் போல உருண்டையன்று, நீண்ட குழாய். அதனைச் செங்குத்தாக வெட்டினால் உண்மை விட்டம் தெரியும். சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் தெரியும். சாய்வு 60 பாகையாயின் நீளச்சு விட்டத்தைப் போல் இருமடங்காகும். ஆக, உருண்டையை வெட்டினால் சிறுத்துத் தோன்றும். குழாயை வெட்டினால் பெருத்துத் தோன்றும். குறுக்கச்சு மட்டும் மாறுவதில்லை என்பதால் அதனையே அளப்பது மரபு. எதை வெட்டுகிறோம் என்பதை முன்னரே அறியாது வெட்டுமுகத்தின் அளவுக்குப் பொருள் சொல்ல முடியாது.

பானையோட்டாய்வில் இதன் விளைவு நேரடியானது. குயவர் களிமண்ணோடு கலந்த மணற்பருக்களின் அளவை ஓட்டின் சீவலில் அளந்து, அருகிலுள்ள ஆற்றுமணலின் பருவளவோடு ஒப்பிடும் வழக்கம் உண்டு. ஆற்றுமணலை அளப்பது சல்லடையால். ஓட்டில் உள்ளதை அளப்பது சீவலால். சல்லடை முழுப்பருவை அளக்கிறது. சீவல் வெட்டுமுகத்தை அளக்கிறது. வடவாற்று மணலையே கலந்து காட்டுமன்னார்கோயிலில் ஒரு பானை வனையப்பட்டதெனக் கொள்வோம். அதன் சீவலில் பருக்கள் ஆற்றுமணலினும் நுண்ணியவாகவே தோன்றும். உடனே, குயவர் மணலைச் சலித்துப் பயன்படுத்தினர் என்றோ, பானை வேற்றூரிலிருந்து வந்தது என்றோ எழுதிவிட வாய்ப்புண்டு. தொழில்நுட்ப மேன்மையும் வணிகத் தொடர்பும் ஒரு கணக்குப் பிழையிலிருந்து பிறந்துவிடும். அரிக்கமேட்டின் உருளைக்கோல வேலைப்பாட்டுப் பானைகள் எங்கு வனையப்பட்டன என்பது போன்ற வினாக்களில் மண்ணின் நுண்ணமைப்பும் வேதிக்கூறும் எவ்வளவு பெரிய வாதங்களைச் சுமந்துள்ளன என்பதை அறிந்தோர், இவ்வெச்சரிக்கையை மிகையென்று கருதார்.

இவ்விடத்தில் சொல் பற்றி ஒன்று. தமிழில் அளவு என்னும் ஒரே சொல் உருவின் பெருமையையும் மொத்தத்தில் உள்ள பங்கையும் எண்ணிக்கையையும் குறித்து வழங்குகிறது. இத்துறையில் இம்மூன்றும் மூன்று வேறு விதிகளுக்கு உட்பட்டவை. பங்கு எனின், சீவல் பொய் சொல்வதில்லை. பாறையின் வெட்டுப்பரப்பில் ஒரு கனிமம் எத்தனை பங்கு பரவியுள்ளதோ அத்தனை பங்கே பாறையின் கனஅளவிலும் உள்ளது என்று 1847இல் பிரெஞ்சு நிலவியலார் தெலெஸ் நிறுவினார். வெட்டுப்பரப்பைத் தாளில் வரைந்து, வெள்ளீயத்தகட்டில் ஒட்டி, நறுக்கி, ஒவ்வொரு கனிமத்தின் துண்டுகளையும் தராசில் நிறுத்து அவர் பங்கு கண்டார். வெட்டு தற்செயலாக விழுந்திருக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. உருவும் எண்ணிக்கையும் இவ்வாறு எளிதில் வசப்படா. எனவே ஆய்வேடுகளில் அளவு என்று மட்டும் எழுதாது, உருவளவு, பங்களவு, எண்ணளவு எனப் பிரித்தெழுதுவது பயன் தரும்.

வீரநாராயணபுரத்துப் பதிகம்

காட்டுமன்னார்கோயில், முதலாம் பராந்தக சோழனின் விருதுப்பெயரால் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிய ஊர். வீராணம் ஏரியின் பெயரும் அதன் மரூஉவே. வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாற்றின்படி, இவ்வூர்க் கோயிலுக்கு வந்த அடியார் சிலர் திருக்குடந்தைப் பெருமான்மீது அமைந்த பதிகம் ஒன்றை ஓதினர். அதனை நாதமுனிகள் கேட்டார். அதன் இறுதிப் பாடல் இருசெய்திகளைத் தன்னகத்தே கொண்டிருந்தது. பாடியவர் குருகூர்ச் சடகோபர் என்பது ஒன்று. இப்பத்து ஓர் ஆயிரத்துள் அடங்கியது என்பது மற்றொன்று. எஞ்சியவை யாவை என்று நாதமுனிகள் வினவ, அவர்கள் அறியோம் என்றனர். குடந்தைக்கும் குருகூருக்கும் சென்று அவர் நாலாயிரத்தையும் பெற்று வந்தார் என்பது மரபு.

பத்திமை நோக்கில் பலகாலும் எடுத்துரைக்கப்பட்ட இச்செய்தியை அளவையியல் நோக்கில் பார்த்தால் அதன் அருமை வேறு வகையில் விளங்கும். ஒரு சீவல் தான் எந்தப் பாக்கிலிருந்து வந்தது என்பதையும், அப்பாக்கின் முழு விட்டம் யாது என்பதையும் தன்மேலேயே எழுதிக்கொண்டு வந்துள்ளது. இத்தகைய சீவலுக்கு விக்செலின் கணிதம் வேண்டா. நூறு பதிகங்களும் அத்தகைய இறுதிப் பாடல் உடையவை ஆதலின், எந்தப் பதிகம் தப்பிப் பிழைத்திருந்தாலும் தேடலின் எல்லை தெரிந்திருக்கும். மேலும் திருவாய்மொழியின் 1,102 பாடல்களும் அந்தாதியாக இணைந்துள்ளன. ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தைக் காட்டுவதால், இரண்டு துண்டுகள் அடுத்தடுத்து நின்றவையா, இடையில் இழப்பு உண்டா என்பதைத் துண்டுகளே சொல்லும். மனப்பாடத்துக்கும் இசைக்கும் உரிய உத்தி என்று அந்தாதியைப் போற்றுகிறோம். சிதைவைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகவும் அது பணிபுரிந்தது என்பதைப் பதிப்பாசிரியர் நன்கு அறிவர்.

இதே வட்டத்தில் உள்ள திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் ஊர். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையில் தேவார ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்ததையும், எஞ்சியவற்றை அவர் வகுத்ததையும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. சம்பந்தர் 16,000, நாவுக்கரசர் 49,000, சுந்தரர் 38,000 என ஆக 1,03,000 பதிகங்கள் இருந்தன என்பதும் அந்நூலின் கூற்று. இன்று உள்ளவை ஏறத்தாழ 800. நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

இரண்டு ஊர்களுக்கும் இடையே தொலைவு சில கல் மட்டுமே. இரண்டு மீட்புக் கதைகளுக்கும் இடையே அளவையியல் வேறுபாடு பெரிது. சம்பந்தர், சுந்தரர் பதிகங்களின் இறுதிப் பாடல் பாடியவர் பெயரைச் சொல்கிறது; ஆனால் இத்தனைக்குள் இது ஒன்று என்று சொல்வதில்லை. பதிகங்கள் தம்முள் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டவையும் அல்ல. ஆகவே எஞ்சிய சீவல்களிலிருந்து முழுமையின் எண்ணளவைக் கணிக்க வழியில்லை. 1,03,000 என்ற எண் சீவலை அளந்து பெறப்பட்டதன்று, வேறிடத்திலிருந்து வந்தது. அதனை இழப்பின் அளவாக ஆய்வேடுகளில் எழுதுவது நிற்க வேண்டும். அதே காரணத்தால், எஞ்சியவை இவ்வளவே ஆதலின் அவ்வெண் பொய் என்று எழுதுவதும் நிற்க வேண்டும். எஞ்சியவை அவ்வினாவுக்கு எவ்வகையிலும் சான்றாக மாட்டா. திருவிடைவாய்ப் பதிகம் ஏட்டில் இல்லாது கல்வெட்டில் கிடைத்தமை, ஏட்டு மரபுக்கு வெளியேயும் பதிகம் இருந்தது என்பதைக் காட்டுகிறது. எத்தனை இருந்தன என்பதைக் காட்டவில்லை.

கரையானும் தொகுப்பாசிரியரும்

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு என்பதை மறுக்கவில்லை. இலக்கியம் திண்பொருளன்று, காலம் தற்செயலாக விழும் கத்தியும் அன்று. தெலெஸின் நிபந்தனையை நம் சான்றுகளுள் மிகச் சிலவே நிறைவு செய்கின்றன. அந்நிபந்தனையை மனத்திற்கொண்டு சான்றுகளைத் தரம் பிரிக்கலாம் என்பதே ஒப்புமையின் பயன். கரையானுக்குப் பொருளறிவு இல்லை. அது நல்ல பாடலையும் அல்லாத பாடலையும் ஒன்றுபோல் அரிக்கும். தொகுப்பாசிரியரோ தேர்ந்து வெட்டுகிறார். பங்களவு காண்பதற்கு, கரையான் அரித்த ஏடு தொகைநூலினும் நேர்மையான சான்று. ஒரு காப்பியத்தில் வடசொற்கள் எத்தனை பங்கு என்பதை அரித்த சுவடியின் எஞ்சிய ஏடுகளைக் கொண்டு ஓரளவு துணிந்து சொல்லலாம். புறத்திரட்டில் அதன் பாடல்கள் மட்டும் கிடைத்திருப்பின் அத்துணிவு தகாது. அங்கே தொகுத்தவர் தம் அதிகாரப் பொருளுக்கு இசைந்தவற்றையே எடுத்தார்.

எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பித்த புறத்திரட்டு இன்றேல் முத்தொள்ளாயிரம் நமக்குப் பெயராக மட்டுமே எஞ்சியிருக்கும். கிடைத்தவை நூற்றுக்குச் சற்று மிகுதியான பாடல்கள். நூலின் பெயரே அளவைச் சொல்வது போலத் தோன்றினும், மூவேந்தர்க்குமாகத் தொள்ளாயிரமா, ஒவ்வொருவர்க்கும் தொள்ளாயிரமா என்பதில் அறிஞர் வேறுபட்டனர். முன்னதாயின் எஞ்சியது ஏறத்தாழ எட்டில் ஒன்று. பின்னதாயின் இருபத்தைந்தில் ஒன்று. சீவல்மேல் அளவு எழுதியிருந்தும் எழுத்தை இருவிதமாகப் படிக்க முடிகிறது. இந்நிலையில், சோழன் பாடல் இத்தனை, பாண்டியன் பாடல் இத்தனை என்று எண்ணி, ஆசிரியரின் சார்பை முடிவு கட்டுவோர் தொகுத்தவரின் சார்பைத்தான் எண்ணுகின்றனர்.

இரண்டாம் பிறழ்ச்சி இங்கே இன்னும் கூர்மையாக விளங்குகிறது. பொருள்வாரியாகப் பாடல் தேடும் ஒருவருக்கு 3,145 பாடல் உடைய சீவக சிந்தாமணியில் ஏதேனும் ஒன்று கிட்டும் வாய்ப்பு, நாற்பது பாடல் உடைய சிறுநூலில் கிட்டும் வாய்ப்பினும் பன்மடங்கு. மேற்கோளில் சிக்குவது நீண்ட நூல். ஆகவே மேற்கோள்களில் மட்டும் வாழும் நூல்களின் பட்டியலைக் கொண்டு, இழந்த தமிழ் இலக்கியம் பெரும்பாலும் பெருங்காப்பியங்களால் ஆனது என்று கருதுவது, சீவற்குவியலைக் கண்டு எல்லாம் பெரிய பாக்கு என்பதை ஒக்கும். சிறுநூல்கள் ஓரடி, ஒரு தொடர், பெயர் சுட்டாத ஒரு மேற்கோள் என்ற அளவிலேயே தப்பியிருக்கும். உரைகளில் இன்ன நூல் என்று துணியப்படாத அவ்வோரடி மேற்கோள்களைப் பதிப்புகளின் பின்னிணைப்பில் விளங்கா மேற்கோள் என்று ஒதுக்குகிறோம். பல பதிப்புகளில் அந்த இணைப்பும் இல்லை. ஃபுல்மனின் கணக்கில் மிகுந்த எடை பெறுவது அத்தூள்தான்.

எண்ணிக்கையும் தொடக்கமும்

எஞ்சியது எண்ணளவு. நிணநீர் அணுவின் உட்கரு சுமார் 7 மைக்ரான் விட்டம் உடையது. சீவலின் கனம் 4 மைக்ரான். ஓர் உட்கரு ஒன்றுக்கு மேற்பட்ட சீவல்களில் தென்படும். ஆதலின் ஒரு சீவலில் தெரியும் உட்கருக்களை எண்ணி அதுவே அச்சீவலுக்குரிய எண்ணிக்கை என்றால், ஒன்றைப் பலமுறை எண்ணியதாகும். 1946இல் ஏபர்கிராம்பி தந்த திருத்தத்தின்படி, கனத்தை, கனமும் விட்டமும் கூடிய தொகையால் வகுத்துப் பெருக்க வேண்டும். 110 வெட்டுமுகங்கள் தெரிந்தால் உட்கருக்கள் 40 தான். ஆனால் இத்திருத்தத்துக்கு விட்டம் தெரிந்திருக்க வேண்டும். விட்டம் அறிவதோ மேற்கண்ட தொல்லைகள் அனைத்தையும் உடையது.

இவ்வட்டத்திலிருந்து வெளியேற வழி காட்டிய கட்டுரை 1984இல் டி.சி. ஸ்டெரியோ என்னும் பெயரில் வந்தது. அது புனைபெயர், அம்முறைக்கு இட்ட டிசெக்டர் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றியடுக்கிச் செய்தது. முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. அடுத்தடுத்த இரு சீவல்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் தெரிந்து மற்றதில் தெரியாத பொருள்களை மட்டும் எண்ண வேண்டும். அவை அவ்விடைவெளியில் தொடங்குபவை. பாக்கு பெரிதாயினும் சிறிதாயினும் அதற்கு நுனி ஒன்றே. நுனிகளை எண்ணினால் பாக்குகளை எண்ணியதாகும். உருவளவு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வடிவம் உருண்டை என்ற ஊகமும் வேண்டியதில்லை.

இம்முறையைக் கல்வெட்டியல் உடனே கைக்கொள்ளலாம். திருப்பணியின்போது பிரித்து அடுக்கிய கோயில்களில் கற்கள் இடம்மாறி, ஒரே சாசனம் பல துண்டுகளாகச் சிதறுகிறது. துண்டுக் கல்வெட்டுகளை எண்ணி இவ்வூரில் இன்ன அரசன் காலத்துச் சாசனங்கள் இத்தனை என்பது, உட்கருவின் வெட்டுமுகங்களை எண்ணுவதற்கு நிகர். நீண்ட சாசனம் பல கற்களில் பரவியிருக்கும். அதனால் பலமுறை எண்ணப்படும். மெய்க்கீர்த்தி நீண்ட அரசனின் காலம் கொடைகள் மிகுந்த காலமாகத் தோன்றிவிடும். மாறாக, பெரும்பாலான சோழர் சாசனங்கள் ஸ்வஸ்தி ஸ்ரீ என்னும் மங்கலத் தொடக்கம் உடையவை. ஒரு சாசனம் பத்து வரியாயினும் நூறு வரியாயினும் அத்தொடக்கம் ஒருமுறையே வரும். அத்தொடர் உள்ள கற்களை மட்டும் எண்ணினால் நீளத்தின் பிறழ்ச்சி நீங்கும். சிதறிய ஓலைக்கட்டுகளில் காப்புச் செய்யுளோ நூன்முகமோ உள்ள ஏடுகளை எண்ணுவதும் இம்முறையே.

ஓலையில் ஒரு தடை உண்டு. கரையானுக்குப் பொருளறிவு இல்லையாயினும் இடவிருப்பு உண்டு. கட்டின் ஓரத்திலிருந்தே தொடங்குகிறது. முதல் ஏடும் கடை ஏடும் முதலில் அழிகின்றன. காப்பும் நூலாசிரியர் பெயரும் எழுதியவர் குறிப்பும் அவற்றில்தான் உள்ளன. நுண்ணோக்கியில் மங்கி மறையும் நுனி இங்கும் மறைகிறது. கல்லில் இத்தடை பெரிதன்று. முதற்கல்லும் இடைக்கல்லும் ஒருங்கே இடம்பெயர்கின்றன. ஆகவே எண்ணளவைப் பொறுத்தவரை கல்வெட்டுத் துண்டுகள் ஏட்டுத் துண்டுகளினும் நம்பத்தக்கவை என்பது என் துணிபு.

இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுச் சாசனத்தால் பெயர்பெற்ற உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் உட்பட, வீராணத்தைச் சூழ்ந்த சோழர்காலக் கோயில்களின் கல்வெட்டு அட்டவணைகளை இந்நோக்கில் மறுமுறை வகுத்தல் ஓர் ஆய்வு மாணவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி. துண்டு ஒவ்வொன்றையும் தொடக்கம் உடையது, இறுதி உடையது, இரண்டும் இல்லாத இடைத்துண்டு என மூவகையாகக் குறித்தால் போதும். தொடக்கங்களின் தொகையும் இறுதிகளின் தொகையும் தனித்தனியே கிடைக்கும். இரண்டும் ஒத்துவரின் எண்ணளவு உறுதிப்படும்; பெரிதும் வேறுபட்டால் சுவரின் எப்பகுதி இழக்கப்பட்டது என்று தேட வேண்டும். இடைத்துண்டுகளின் தொகையைத் தொடக்கங்களின் தொகையால் வகுத்தால் சாசனங்களின் சராசரி நீளமும் ஒருவாறு புலப்படும். எழுத்துத் தேய்ந்த சிறுதுண்டுகளையும் வாசிக்க இயலவில்லை என்று விட்டுவிடாது, வரியெண்ணிக்கையும் கல்லின் அளவும் குறித்து, அவ்வட்டவணையில் சேர்க்க வேண்டும்.